அத்திம்பேர் கற்ற அரபி

என் அக்காவின் கணவர் வெங்கடராமன், எங்கள் வீட்டு வழக்கப்படி எனக்கு அத்திம்பேர், அறுபத்தெட்டாவது வயதில் அரபி படிக்கப் போனார். கல்கத்தா பார்க் சர்க்கஸில் ஒரு டிராவல் ஏஜென்சியின் மாடி அறை. செவ்வாயும் வெள்ளியும் மாலை நான்கு மணிக்கு வகுப்பு. கூடப் படித்தவர்கள் ரியாத்துக்கும் தோஹாவுக்கும் வேலைக்குப் போகிற முர்ஷிதாபாத் கொத்தனார்கள், இரண்டு நர்ஸ்கள், மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிற ஒரு தம்பதி. இவர் நெற்றியில் விபூதியோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து, "தண்ணீர் எங்கே இருக்கிறது?", "எனக்குத் தலை வலிக்கிறது", "செங்கல் தீர்ந்துவிட்டது" என்று அவர்களோடு சேர்ந்து உரக்கச் சொல்வார். உங்களுக்குச் செங்கல் எதற்கு என்று கேட்டேன். பாடத்தில் இருப்பதைப் பாதியில் விட்டுவிட முடியாது என்றார். மனிதர் அப்படித்தான்.

அவர் வேலையே அப்படிப் பழக்கியிருந்தது. இருபத்தோரு வயதில் கும்பகோணத்திலிருந்து கல்கத்தா வந்து ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவர். நிமிஷத்துக்கு நூற்று நாற்பது வார்த்தை. எதிரே இருப்பவர் என்ன சொன்னாலும் பென்சில் எழுதிக்கொண்டே போகும். எழுதும்போது அர்த்தம் மண்டையில் ஏறாது, ஏறினால் கை நின்றுவிடும் என்பார். காது கேட்கும், கை எழுதும், பிறகு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து படித்துப் பார்க்கும்போதுதான் என்ன சொன்னார்கள் என்று தெரியும். முப்பத்தெட்டு வருஷம் பிறத்தியார் பேச்சை எழுதியவருக்குத் தன் பேச்சு என்று அதிகம் இருக்கவில்லை. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் எங்களுக்கு அது விசேஷம்.

அவருக்கும் என் அக்கா ஜெயலக்ஷ்மிக்கும் ஒரே பெண், பிரியம்வதா. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் வளர்ந்து, வங்காளப் பெண்களோடு படித்து, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பெனி அவளை ஜோர்டானுக்கு அனுப்பியது. அங்கே கூட வேலை பார்த்த காலித் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பினாள். எட்டு வருஷத்துக்கு முன்பு நடந்தது இது.

அத்திம்பேர் போட்டோவைப் பார்த்தார். பாத்ரூமுக்குள் போனார். வேட்டியோடு இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு சொட்டச் சொட்ட வெளியே வந்தார். "தலை முழுகியாச்சு" என்றார். செத்துப்போனவர்களுக்காகச் செய்வதை உயிரோடு இருக்கிற பெண்ணுக்குச் செய்தார். நானும் அங்கேதான் இருந்தேன். தடுக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளையை எப்படி எதிர்த்துப் பேசுவது என்று நினைத்தேன். அந்த மரியாதையை இன்றைக்கு நினைத்தால் எனக்கே வாய் கசக்கிறது.

அக்கா மட்டும் மகளோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். சனிக்கிழமைதோறும் சால்ட் லேக்கில் என் வீட்டுக்கு வருவாள். அத்திம்பேரிடம் சொல்லும் காரணம், மது வீட்டில், அதாவது என் வீட்டில், விஷ்ணு சகஸ்ரநாம பாராயணம். பாராயணமாவது, மண்ணாவது. கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் பிரியம்வதாவோடு ஒரு மணி நேரம் பேசுவாள். அத்திம்பேரே அவளைக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவார். திரும்பி வந்ததும் கேட்பார்.

"பாராயணம் நன்னா நடந்துதா?"

"நடந்தது."

"எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான்."

அதற்கப்புறம்தான் சாப்பிட உட்காருவார். ஒரு சனிக்கிழமை அக்கா, "ஒருத்தருக்கு மட்டும் கொஞ்சம் ஜுரம்" என்று சொல்லிவிட்டாள். பிரியம்வதாவின் குழந்தை ரீமாவுக்குத்தான் ஜுரம். அன்று அவர் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று போய்ப் படுத்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தும் போனைக் கையில் வாங்கவில்லை, ஒரு நாள்கூட.

ரீமா தமிழ் பேச மாட்டாள். ஏன்டீ குழந்தைக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கவில்லை என்று அக்கா ஒரு தடவை கோபித்துக்கொண்டாள். "அதை அப்பா வந்து சொல்லிக் குடுக்கட்டும்மா. அதுக்காகத்தான் விட்டு வெச்சிருக்கேன்" என்றாள் பிரியம்வதா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஜனவரியில் ஆபீசில் நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாம் நாள் இல்லை. முப்பத்தாறு வயது. காலித் எனக்குத்தான் போன் செய்தான். அவனுக்கு இந்தக் குடும்பத்தில் தெரிந்த ஒரே நம்பர் என்னுடையது. அவர்கள் வழக்கப்படி மறுநாளே அடக்கம் செய்துவிட்டார்கள்.

லேக் மார்க்கெட் வீட்டுக்குப் போய் நான்தான் சொன்னேன். அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்திம்பேர் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார். பிறகு, தீட்டு எத்தனை நாள் என்று கேட்க, வீட்டுச் சடங்கு செய்து வைக்கும் வாத்தியாருக்கு என்னைப் போன் போட்டுத் தரச் சொன்னார். சிவராமகிருஷ்ண வாத்தியார் போனில் தயங்கினார். "நீங்கதான் அன்னிக்கே முழுகிட்டேளே. இப்போ தனியா ஒண்ணும் வேண்டாம்" என்றார். சாஸ்திரப்படி அவர் சொன்னது சரியோ தப்போ, எனக்குத் தெரியாது. அத்திம்பேர் போனைக் கீழே வைத்தார். பாத்ரூமுக்குள் போனார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. கார்ப்பரேஷன் தண்ணீர் நின்ற பிறகும் அவர் வெளியே வரவில்லை. கதவைத் தட்டி நான்தான் துண்டு கொடுத்தேன். பெற்ற பெண்ணுக்கு இரண்டு தடவை தலை முழுகிய தகப்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சனிக்கிழமைகள் நின்றுபோயின. ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் அவரே என் வீட்டுக்கு வந்தார்.

"மது, அந்தப் பையன் நம்பர் உங்கிட்ட இருக்கோல்லியோ?"

"இருக்கு அத்திம்பேர்."

"நாங்க வரலாமான்னு கேளு. குழந்தையைப் பார்க்கணும்."

காலித் உடனே சரி என்றான். ஜனவரியில் வாருங்கள், ரீமாவின் பிறந்தநாள் வருகிறது, ஆறு வயது முடிகிறது என்றான். அவனும் அவன் அம்மாவும் குழந்தையும் இர்பித் என்ற ஊரில் இருந்தார்கள். குழந்தைக்கு அரபியைத் தவிர ஒன்றும் தெரியாது, ஆங்கிலத்தில் நிறங்களின் பெயரும் பத்து வரை எண்களும் மட்டும் சொல்லுவாள் என்றான்.

அக்காவுக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. "குழந்தையைக் கட்டிக்க எனக்கு பாஷை எதுக்குடா?" என்றாள். அத்திம்பேருக்குக் கட்டிக்கொள்ளத் தெரியாது. யாரையும் அவர் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெண்ணிடம் பேசாததைப் பேத்தியிடமாவது பேசிவிட வேண்டும் என்ற ஒரே பிடிவாதம்தான் அவரைப் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் குழந்தை தன்னைத் தாத்தா என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியை பெயர் நஸ்ரின். பர்தமானிலிருந்து வந்து அரபியில் எம்.ஏ. முடித்த பெண். இருபத்தேழு வயது இருக்கும். அத்திம்பேரை "மெஷோமஷாய்" என்றுதான் கூப்பிடுவாள், வங்காளிகள் அம்மாவின் அக்கா தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிடுவது போல. எழுத்து கற்றுக்கொள்ள நாளாகும், பேச்சுக்கு வேண்டியதை மட்டும் ரோமன் எழுத்தில் எழுதித் தருகிறேன் என்றாள். அத்திம்பேர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் ஷார்ட்ஹேண்ட் நோட்டை எடுத்தார். பிட்மன் சுருக்கெழுத்துக்கு எழுத்து தேவையில்லை, ஓசை போதும். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். தொண்டையின் அடியிலிருந்து வரும் ஓசைக்கு பிட்மனில் கோடு கிடையாது. அதற்கு அவராகவே ஒரு சின்னக் கொக்கி போட்டுக்கொண்டார். கொத்தனார்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் வேகமாகச் சொன்ன ஒரு முழுப் பத்தியை அவர் ஒரு ஓசை பிசகாமல் திருப்பிப் படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அர்த்தம் ஒன்றுகூடத் தெரியாமல்தான் படித்தார்.

மூன்று மாதத்தில் நாற்பது ஐம்பது வாக்கியம் சேர்ந்தது. நான் உன் தாத்தா. எப்படி இருக்கிறாய்? இது உனக்கு. பள்ளிக்கூடம் பிடிக்கிறதா? எல்லாம் அவர் கேட்கிற கேள்விகள், அவர் சொல்கிற வாக்கியங்கள். எதிரே இருப்பவர் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்று அந்தப் பாடத்தில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. எதைக் கேட்டாலும் சமாளிக்க இரண்டு வார்த்தை நஸ்ரின் சொல்லிக் கொடுத்திருந்தாள். 'நஅம்' என்றால் ஆமாம். இனி நடக்கப்போகிற எதைப் பற்றிக் கேட்டாலும் பின்னால் 'இன்ஷா அல்லா' சேர்த்துக்கொண்டால் மரியாதையாக இருக்கும்.

டிசம்பர் கடைசியில், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குழந்தையைக் கூப்பிட்டோம். போனை நான் பிடித்துக்கொண்டேன். அத்திம்பேர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு. காலித் வணக்கம் சொல்லிக் குழந்தையை முன்னால் உட்கார வைத்தான். அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், ஒரு நிமிஷம் என்று எழுந்து போனான்.

பிரியம்வதாவின் புருவம் அப்படியே இருந்தது குழந்தைக்கு. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன ஜித்திக்" என்றார் அத்திம்பேர். நான் உன் தாத்தா. "கைஃப் ஹாலிக்?"

குழந்தை சிரித்தது. பிறகு முகத்தைப் போனுக்கு மிக அருகில் கொண்டுவந்து ஏதோ கேட்டது. வேகமாகக் கேட்டது. அத்திம்பேரின் கை தானாகவே நோட்டில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்தப் பேச்சில் எங்களுக்குப் புரிந்த ஒரே சொல் "மம்மா". அது இரண்டு மூன்று முறை வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நஅம்" என்றார்.

குழந்தை மறுபடி ஏதோ கேட்டது.

"நஅம், நஅம். இன்ஷா அல்லா."

குழந்தை குதித்து இறங்கி, கத்திக்கொண்டே உள்ளே ஓடியது. திரும்பி வந்து போனுக்கு ஒரு முத்தம் கொடுத்தது. காலித் வருவதற்குள் லைன் போய்விட்டது. அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எங்கிட்ட ஒட்டிண்டுட்டா" என்றார். அன்று சாயங்காலம் அவரே கடைக்குப் போய் நலேன் குர் சந்தேஷ், ஈச்சவெல்லம் போட்ட வங்காள இனிப்பு, ஒரு பெட்டி வாங்கி வந்து, மாடி வீட்டுக்காரர்களுக்கும் கொடுத்தார். எட்டு வருஷத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை விசா போட்டோ வாங்க வேண்டியிருந்ததால் நானும் வகுப்புக்குக் கூடப் போனேன். வகுப்பு முடிந்ததும் அத்திம்பேர் நோட்டைப் பிரித்தார். பேத்தி என்ன கேட்டாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், நேரில் போகும்போது இன்னும் நன்றாகப் பதில் சொல்ல வேண்டும் என்றார். குழந்தை சொன்னதை அதே ஓசையில், அதே வேகத்தில் படித்தார். நஸ்ரின் சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

"மெஷோமஷாய், இதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"ஆமாம்னு சொன்னேன். ஏம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லச் சொன்னேன்.

"மம்மா உங்க வீட்டுலதானே இருக்காங்கன்னு கேட்டிருக்கா. நீங்க வரும்போது அவங்களையும் கூட்டிட்டு வருவீங்களான்னு கேட்டிருக்கா."

கீழே தெருவில் டிராம் போகாத தண்டவாளத்தின் மேல் ஆட்டோக்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. அத்திம்பேர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவதுக்கும் ஆமாம்னுதான் சொன்னேன்" என்றார்.

அங்கிருந்தே காலித்துக்குப் போன் செய்தேன். அவனுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது. குழந்தை இரண்டு நாளாகப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம், தாத்தா மம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்று. எங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறான். அம்மா எங்கே என்று குழந்தை கேட்டுக் கேட்டு அழுதபோது, அவனுக்குச் சொல்லத் துணிவில்லை. அம்மா அவள் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டானாம். அங்கே பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் அப்பா வீட்டுக்குப் போவார்கள், அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது என்றான். பிறகு அதை மாற்றிச் சொல்ல முடியவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

எந்த வீட்டு வாசலை அவளுக்கு அடைத்தாரோ, அந்த வீட்டில்தான் அவள் இருக்கிறாள் என்று அந்தக் குழந்தை ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையிலிருந்து அக்கா பேசியதை ஒட்டுக்கேட்ட எனக்கே அதைத் தாங்க முடியவில்லை. அக்காவை நானாவது ஒரு தடவை ஜோர்டானுக்கு அழைத்துப் போயிருக்கலாம். பேங்கில் லீவு கிடைக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். லீவு இருந்தது.

நீங்கள் வருவதற்குள் நான் ரீமாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றான் காலித். அத்திம்பேர் போனை என்னிடமிருந்து வாங்கினார். அந்த மாப்பிள்ளையோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நோ. ஐ செட் எஸ். ஐ வில் டெல் ஹர்."

போனைக் கொடுத்துவிட்டு நஸ்ரினிடம் திரும்பினார். "அம்மா, அதை எப்படிச் சொல்றது?"

"மம்மா ஃபில் ஜன்னா" என்று சொல்லுங்கள், அம்மா சொர்க்கத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம், குழந்தைகளிடம் அப்படித்தான் சொல்வோம் என்றாள்.

அத்திம்பேர் யோசித்தார். "அது ஒரு இடம் இல்லையோ. எப்ப திரும்பி வருவான்னு கேப்பாளே. திரும்பி வர முடியற மாதிரி இருக்கப்படாது."

"அப்படின்னா ரெண்டே வார்த்தை. மம்மா மாதத். அம்மா இறந்துட்டாங்கன்னு அர்த்தம்."

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டார். அந்த வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. டாக்சியில் வரும்போது ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது சொல் முடிவதற்குள் நின்றுவிட்டது. அதற்கப்புறம் எட்டு நாளும், ஷேவ் செய்யும்போது, சரோபர் ஏரிக்கரையில் நடக்கும்போது, டிக்கெட்டைச் சரிபார்க்கும்போது, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று அக்காதான் கேட்டாள். "போகாம இருந்துதானேடி இவ்வளவும்" என்றார்.

டம்டம் ஏர்போர்ட்டில் நான் கொண்டுபோய் விட்டேன். பெட்டியில் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை, தட்டை, முறுக்கு. பிரியம்வதா சின்ன வயதில் போட்டுக்கொண்ட வெள்ளிக் கொலுசை அக்கா கைப்பையில் தனியாக வைத்திருந்தாள்.

மறுநாள் மாலை அக்கா போன் செய்தாள். எடுத்தவுடன் அழவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"குழந்தை வந்திருந்தாளா?"

"வந்திருந்தாடா. கையில பூ வெச்சுண்டிருந்தா. காலித் அவளைத் தூக்கி வெச்சுண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தா. அத்திம்பேர் கையைப் பிடிச்சுண்டா."

"அப்புறம்?"

"எங்களைப் பார்க்கலைடா அவ. எங்களுக்குப் பின்னாடி கதவையே பார்த்துண்டிருந்தா. இவர் வாயைத் திறந்தார். அவ கொஞ்சம் இருன்னு கையைக் காட்டினா. கதவு திறக்கறச்செல்லாம் எட்டி எட்டிப் பார்க்கறா. ஒவ்வொருத்தரா வந்துண்டே இருக்கா. இவரும் அவ கையைப் பிடிச்சுண்டு நின்னார். கடைசி ஆள் வர வரைக்கும் நின்னோம். அப்புறம் ஒரு ஆள் தரையைத் துடைக்க வந்துட்டான்."

"சொன்னாரா?"

"கீழே உக்காந்துண்டு சொன்னார். அவர் முட்டிக்கு உக்காரவே முடியாது, உனக்குத் தெரியுமே. தரையிலயே உக்காந்துட்டார். சரியாத்தான் சொன்னார். காலித் திரும்பிண்டுட்டான்."

"குழந்தை என்ன சொன்னா?"



"ஒண்ணும் சொல்லலை. அவர் கையிலேர்ந்து தன் கையை எடுத்துண்டா."